மாரியோவா, புஷ்ஷா, நம்ம ஊர்ப் பையனா? ஒரு ஹூஸ்டன் நாட்குறிப்பு

2006 ஜனவரி 5, வியாழன்

ஆபீசில் இன்று யாரும் வேலை பார்க்கவில்லை. நேற்று இரவு அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி இறுதி ஆட்டமான ரோஸ் பவுலில் டெக்சஸ் பல்கலைக்கழகம் 41, யூஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 38. ஆட்டம் முடிய 19 நொடி இருக்கும்போது நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, ஐந்து கஜம் தேவை. டெக்சஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) வின்ஸ் யங் எறிய ஆள் தேடினார், யாரும் சிக்கவில்லை, வலது மூலையைப் பார்த்துத் தானே ஓடிப் போய்விட்டார். எறிந்தது 267 கஜம், ஓடியது 200. இப்படி ஒரு ஆட்டத்தை இனி எப்போது பார்ப்போமோ.

எங்கள் கட்டடத்தின் வாசல் பாதுகாவலர் ஹைரம் கிளார்க் பகுதிக்காரர். வின்ஸ் படித்த மேடிசன் உயர்நிலைப் பள்ளியும் அந்தப் பக்கம்தான். அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். "ஏப்ரலில் பையன் வீட்டுக்கு வருகிறான்" என்றார். இந்த ஊரின் தொழில்முறை அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு வருகிறான் என்று அர்த்தம்.

அவர் கணக்கு எளிது. டெக்சன்ஸ் இந்த சீசனில் ஆடிய 16-இல் 2-தான் ஜெயித்தது. மோசமாக ஆடிய அணிக்குத்தான் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் உரிமை. புத்தாண்டன்று சான் பிரான்சிஸ்கோவிடம் 20-17 என்று கூடுதல் நேரத்தில் தோற்று அதை உறுதியும் செய்துகொண்டார்கள். அந்த ஆட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'புஷ் பவுல்': யார் தோற்கிறார்களோ அவர்களுக்கு யூஎஸ்சியின் ரெஜி புஷ், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ரன்னிங் பேக், பந்தோடு ஓடுகிறவர். நேற்றைக்குப் பிறகு அந்தப் பெயரும் செல்லாது என்கிறார் பாதுகாவலர்.

2006 ஏப்ரல் 23, ஞாயிறு

பேர்லண்டில் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, திருநெல்வேலிக்காரர், எனக்கு முன்பே இங்கே வந்து இந்த ஆட்டத்தை எனக்குப் பழக்கிவிட்டவர். அண்ணி போட்ட காபி ஆறும்வரை பேச்சு டிராஃப்ட்தான்.

அண்ணன் புஷ் கட்சி. "தம்பி, அந்தப் பையன் பந்தை வாங்கினா இருக்கிற எழுபதாயிரம் பேரும் எழுந்து நிப்பான். டிக்கெட் காசு அதுக்குத்தானே?"

நான் வட கரோலினா ஸ்டேட்டின் மாரியோ வில்லியம்ஸ் பெயரைச் சொன்னேன். டிஃபென்சிவ் எண்ட், தற்காப்பு முன்வரிசையின் (லைன்) ஓரத்தில் நிற்பவர். ஆறரை அடிக்கு மேல் உயரம், 130 கிலோவுக்கு மேல் எடை, அந்த உடம்பை வைத்துக்கொண்டு 40 கஜத்தை 4.7 நொடி அளவில் ஓடியிருக்கிறார். போன சீசனில் 14.5 சாக், அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு கீழே சாய்த்தது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல் இடத்தை வச்சுக்கிட்டு லைன்மேனா?"

ஏன் என்று என் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன், இங்கே யாராவது சண்டைக்கு வரட்டும்.

நம் பிரிவில் இண்டியானாபொலிஸ் இருக்கிறது, அங்கே குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு தடவை அவரைச் சந்தித்தே ஆகவேண்டும். 2002-இல் அணி பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட இண்டியானாபொலிஸை ஜெயித்ததில்லை. அந்த மனிதருக்கு யோசிக்க மூன்று நொடி கிடைத்தால் நம் கதை முடிந்தது. அதில் அரை நொடியைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும். மேனிங்குக்கு அவசரத்தை உண்டாக்க ரெஜி புஷ்ஷால் முடியாது.

இரண்டாவது, புதிய பயிற்சியாளர் கேரி கூபியாக் டென்வரிலிருந்து வந்தவர். அங்கே டெரல் டேவிஸ், மைக் ஆண்டர்சன் இருவரும் ஆறாவது சுற்றில் எடுத்தவர்கள், இருவரும் ஆயிரம் கஜத்துக்கு மேல் ஓடியவர்கள். ஓட்டக்காரனைப் பின்சுற்றில் எடுத்து ஜெயித்த பள்ளியிலிருந்து வந்தவர், முதல் இடத்தை எதற்கு ஓட்டக்காரனுக்குச் செலவழிப்பார்? தற்காப்பும் இனி 4-3 அமைப்புக்கு மாறுகிறது. நாலு பேர் முன்வரிசை, அதன் இரு ஓரத்திலும் நல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த அமைப்பே நிற்காது.

மூன்றாவது கொஞ்சம் வயிற்றெரிச்சல். 2002-இல் இதே முதல் இடத்தில் குவார்ட்டர்பேக் டேவிட் காரை எடுத்தோம். அடுத்த இடத்தில் கரோலினா எடுத்தது ஜூலியஸ் பெப்பர்ஸ் என்ற டிஃபென்சிவ் எண்டை. அவர் ஆண்டுக்குப் பத்தையொட்டி சாக் எடுக்கிறார். நம் காரோ முதல் ஆண்டு 76 தடவை சாக் ஆகி சாதனை படைத்தார், போன சீசனில் 68 தடவை.

"அப்படின்னா அவன் முன்னாடி நிக்கிற தடுப்பு ஆளையல்லவா எடுக்கணும்?" என்றார் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சு அதோடு அண்ணியின் சமோசாவுக்குப் போய்விட்டது.

2006 ஏப்ரல் 28, வெள்ளி, இரவு

டிராஃப்ட் நாளைக்கு. ஆனால் இன்று மாலையே முடிந்துவிட்டது. மாரியோ வில்லியம்ஸ் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆறு ஆண்டு, 5.4 கோடி டாலர், அதில் 2.65 கோடி உறுதி. கடைசி வாரம் முழுக்க புஷ், மாரியோ இருவருடைய முகவர்களோடும் அணி பேசிக்கொண்டிருந்ததாம். புஷ்ஷின் பெற்றோர் குடியிருந்த வீடு பற்றி இந்த வாரம் ஒரு விவகாரம் செய்தியில் வந்தது, அதுதான் காரணம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அணியோ அது காரணமில்லை என்கிறது.

அண்ணன் போன் பண்ணினார். வணக்கம்கூட இல்லை. "நீதான் அவனுங்களுக்கு எழுதிப் போட்டியா?"

2006 ஏப்ரல் 29, சனி

அறிவிப்பு நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில். இங்கே ரிலையண்ட் ஸ்டேடியத்தில் ரசிகர்களுக்கு ஏற்பாடு செய்திருந்த கூட்டத்தில் 'பூ' என்று ஊளை. சொந்த அணி எடுத்த முதல் ஆளுக்கு இப்படி ஒரு வரவேற்பு! இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, 21 வயசு. என்ன பாவம் பண்ணினார்?

இரண்டாவதாக நியூ ஆர்லியன்ஸ் புஷ்ஷை அள்ளிக்கொண்டது. போன செப்டம்பரில் கத்ரீனா புயலுக்குத் தப்பி வந்தவர்கள் ரிலையண்டுக்குப் பக்கத்து ஆஸ்ட்ரோடோமில்தான் படுத்திருந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் இன்னும் இந்த ஊரில். ஹூஸ்டனில் இன்று சந்தோஷமாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது இடம்தான் நெஞ்சில் குத்தியது. டென்னஸி டைட்டன்ஸ், வின்ஸ் யங். டைட்டன்ஸ் யார்? 1996 சீசனோடு இந்த ஊரை விட்டுக் கிளம்பிப்போன ஆயிலர்ஸ். முதலாளி அதே பட் ஆடம்ஸ். ஊரை விட்டு அணியைக் கொண்டு போனவர், இப்போது ஊர்ப் பையனையும் கொண்டு போய்விட்டார். அதுவும் நம்மோடு ஒரே பிரிவில், ஆண்டுக்கு இரண்டு தடவை எதிரில் வந்து நிற்க.

மாரியோவை எடுத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் இந்த ஊளையைப் புரிந்துகொள்ளாமல் 'ரசிகர்களுக்கு ஆட்டம் தெரியாது' என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. இவர்களுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். ஒரு தடவை அணியைப் பறிகொடுத்த ஊர் இது.

2006 மே 1, திங்கள்

பாதுகாவலர் என் அட்டையை இரண்டு தடவை பார்த்தார். பேசவில்லை.

இரண்டாவது சுற்றில் அலபாமாவின் டிமெக்கோ ரயன்ஸ், லைன்பேக்கர், தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். மூன்றாவதில் தாக்குதல் வரிசைக்கு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், சார்ல்ஸ் ஸ்பென்சர், எரிக் வின்ஸ்டன். இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

2006 செப்டம்பர் 10, ஞாயிறு

முதல் ஆட்டம், பிலடெல்பியாவிடம் தோல்வி, 24-10. நமக்காக ஓடியவர் ஆறாவது சுற்றில் எடுத்த வாலி லண்டி. இருந்த நல்ல ஓட்டக்காரர் டொமனிக்குக்கு முழங்கால் சரியில்லை, இந்த சீசனே கிடையாது. புஷ் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நான் இன்று ஒரு சோதனை செய்தேன். பந்தைப் பார்க்காமல் மாரியோவை மட்டுமே பார்த்தேன். கஷ்டம், ஏனென்றால் கேமரா பந்தோடு போய்விடும். பார்த்தவரையில் தனி ஆளாக அவரை எதிர்கொள்ளவிட்ட தருணங்கள் குறைவு. எதிரணியின் தடுப்பாளரான டாக்கிள் ஒருவர் மார்பில் கை வைக்க, பக்கத்தில் டைட் எண்ட் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு அப்புறம்தான் பந்து வாங்க ஓடுகிறார். அந்த ஒரு இடியால் டைட் எண்ட் தாமதமாகிறார், எறிய ஒரு ஆள் குறைகிறது. இது எந்தக் கணக்கிலும் ஏறாது. கபடியில் பாடி வந்து தொட்டவனுக்குத்தான் கைதட்டல், மூலையில் கணுக்காலுக்குக் காத்திருப்பவனை யார் பார்க்கிறார்கள்?

ஆனாலும் சாக் இல்லை. இல்லைதான்.

2006 செப்டம்பர் 25, திங்கள், நள்ளிரவு

இரண்டு நாள், இரண்டு அடி.

நேற்று ரிலையண்டில் வாஷிங்டன். அவர்களுடைய குவார்ட்டர்பேக் மார்க் ப்ரூனெல் தொடர்ச்சியாக 22 பந்து எறிந்து 22-ம் பிடிபட்டது. ஒரே ஆட்டத்தில் இது சாதனையாம். 36 வயது மனிதர், நாற்காலி போட்டு உட்கார்ந்து எறிந்திருக்கலாம். ஒருத்தரும் கிட்டேயே போகவில்லை. 31-15. மேனிங்கின் அரை நொடியைப் பிடுங்குவோம் என்று நான் ஏப்ரலில் எழுதியதை அண்ணன் அச்செடுத்து வைத்திருக்கிறாராம். முந்தின வாரம் அதே மேனிங்கிடம் 43-24. அந்த ஆட்டத்தில் சார்ல்ஸ் ஸ்பென்சர் காலும் உடைந்தது.

இன்றிரவு நியூ ஆர்லியன்ஸில் சூப்பர்டோம் மறுபடி திறந்தது. அட்லாண்டாவை 23-3 என்று சாத்தினார்கள். புஷ் ஓடும்போதெல்லாம் அந்தக் கூரை அதிர்ந்தது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட முடியவில்லை. அந்த ஊருக்கு அது தேவைப்பட்டது.

2006 டிசம்பர் 10, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ரிலையண்டில் டென்னஸி. அரங்கில் யார் எந்த அணி என்று சொல்லவே முடியவில்லை. வின்ஸ் சட்டை போட்டவர்கள் டெக்சன்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். 20-20, கூடுதல் நேரம். வின்ஸ் பின்வாங்கினார், நடுவில் ஒரு சந்து தெரிந்தது, 39 கஜம், நேராக எல்லைக்கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோன். 26-20. ரோஸ் பவுலில் பார்த்த அதே ஓட்டம், எதிர்ப்பக்கத்தில் இருந்து.

சொந்த ஊர் அரங்கம் எதிரணிக் குவார்ட்டர்பேக்குக்கு எழுந்து நின்று கைதட்டியது. போன வாரம்தான் புஷ் ஒரே ஆட்டத்தில் நாலு டச்டவுன் (பந்தோடு எண்ட் ஸோனை அடைவது) போட்டார். மாரியோவுக்குப் பாதத்தில் வலி, நொண்டிக்கொண்டு ஆடுகிறார் என்கிறார்கள். இந்த ஊரில் அதைச் சொன்னால் சாக்கு என்பார்கள்.

2006 டிசம்பர் 24, ஞாயிறு

இண்டியானாபொலிஸை ஜெயித்துவிட்டோம்! 27-24, கடைசி நொடியில் கிரிஸ் ப்ரௌன் 48 கஜத்திலிருந்து உதைத்தது. அணியின் வரலாற்றில் முதல் தடவை.

ஜெயித்துக் கொடுத்தது யார்? ரான் டேன். டென்வர் விட்டுவிட்டதும் செப்டம்பரில் நாம் எடுத்துக்கொண்ட ஓட்டக்காரர், இன்று 153 கஜம். மேனிங்கின் அரை நொடியை யாரும் பிடுங்கவில்லை, அவர் பாட்டுக்கு மூன்று டச்டவுன் எறிந்தார். அவர் களத்துக்கே வராதபடி டேன் பந்தை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அண்ணன் "பார்த்தியா, ஓட்டக்காரன்தான்" என்றார். நான் "பார்த்தீங்களா, ஓசியில கிடைச்ச ஓட்டக்காரன்" என்றேன். இருவருக்கும் திருப்தி.

2007 ஜனவரி 7, ஞாயிறு

கணக்கு முடிந்தது: 6 வெற்றி, 10 தோல்வி. மாரியோ 4.5 சாக். டிமெக்கோ ரயன்ஸ் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தற்காப்பாட்டக்காரர், தாக்குதலில் அதே விருது வின்ஸ் யங்குக்கு. அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி: தற்காப்புக்கு ஆள் வேண்டும் என்றால், அதற்கான நல்ல ஆள் இரண்டாவது சுற்றிலேயே கிடைத்தாரே?

2007 ஏப்ரல் 28, சனி

இந்த டிராஃப்டில் நமக்குப் பத்தாவது இடம். மறுபடியும் டிஃபென்சிவ் லைன்மேன்! லூயிவில்லின் அமோபி ஒகோயே, நைஜீரியாவில் பிறந்தவர், 19 வயது. லைன்பேக்கர் பேட்ரிக் வில்லிஸும் ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சும் அப்போது யாரும் எடுக்காமல் இருந்தார்கள். நானே கொஞ்சம் முனகினேன், அண்ணனிடம் சொல்லவில்லை. டேவிட் கார் போய்விட்டார், குவார்ட்டர்பேக்காக அட்லாண்டாவிலிருந்து மேட் ஷாப் வந்திருக்கிறார்.

2007 டிசம்பர் 14, வெள்ளி

நேற்று இரவு டென்வரோடு. 31-13. மாரியோ மூன்றரை சாக்.

இந்தத் தடவை கேமராவுக்கும் வேறு வழியில்லை, பந்து இருந்த இடத்தில்தான் அவரும் இருந்தார். டாக்கிளின் வெளித்தோளைச் சுற்றி ஒரு தடவை, உள்பக்கம் வெட்டி ஒரு தடவை, நேராக நெஞ்சில் தள்ளிக்கொண்டு போய் டென்வர் குவார்ட்டர்பேக் ஜே கட்லர் மடியிலேயே உட்காரவைத்தது ஒரு தடவை. சீசன் கணக்கு இரட்டை இலக்கத்தை நன்றாகத் தாண்டிவிட்டது. ஊளையிட்ட அதே ரிலையண்டில் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். புஷ் முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் வாசலில் நின்று பாதுகாவலரிடம் மூன்றரை, மூன்றரை என்றேன். அவர் அசரவில்லை. இந்த ஆண்டு டென்னஸி நம்மை இரண்டு தடவையும் ஜெயித்ததே, அதைச் சொல் என்றார். முதல் ஆட்டத்தில் வின்ஸ் ஆடவே இல்லை, அவர்களுடைய உதைப்பாளர் ஒருவரே எட்டு ஃபீல்ட் கோல் போட்டு 38-36 என்று தப்பித்தார்கள் என்று நான் வாதாடினேன். இரண்டாவதில் ஆடினானே என்றார். ஆடினார்தான்.

அண்ணனுக்கு மத்தியானம் போன் போட்டேன். மூன்றரை சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அது சரி தம்பி, ஸ்பென்சர் கால் உடைஞ்சதிலிருந்து நமக்கு இடப்பக்கம் உருப்படியா ஒரு டாக்கிள் இல்லியே. அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றில ஒரு லைன்மேன் எடுக்கலேன்னா நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."