டூட்டி அட்டவணையும் என்க்ளெக்ஸ் பி.என். படிப்பும்

குழித்துறையில் ரயிலேறி திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வரும் நர்ஸுகள், அமெரிக்காவில் பி.என். (பிராக்டிகல் நர்ஸ்) உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் பி.என். தேர்வுக்கு 'தினமும் 4 மணி நேரம்' என்று திட்டம் போட்டால் இரண்டாவது வாரமே படுத்துவிடும். காலை 6 மணி நேரம், மதியம் 6, இரவு 12 என்று டூட்டி மாறும் இடத்தில் வாரக் கணக்குதான் நிற்கும்.

காலை டூட்டி 2 நாள், சாயங்காலம் 25 கேள்வி வீதம். மதிய டூட்டி 2 நாள், விடியற்காலை 40 வீதம். மொத்தம் 130. கேள்விக்கு 2 நிமிடம் வையுங்கள். அதைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் விடை விளக்கம் படிக்க வேண்டும். அதாவது 40 கேள்விக்கு 3 மணி 20 நிமிடம். பலர் இந்த இரண்டாவது பாதியை ஒதுக்குவதே இல்லை. மதிப்பெண் நகராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நைட் முடித்த பகலில் தூக்கம் மட்டும். ரயிலில் மருந்துப் பெயர் அட்டைகள்: நம் சால்புடமால் அங்கே ஆல்பியூட்டரால், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின்.

எந்தப் பாடத்துக்கு அதிக நேரம்? 'கோஆர்டினேட்டட் கேர்' பகுதிக்கு, அதாவது எந்த வேலை யாருக்கு என்று பிரிப்பது போன்றவை. 2023 பாடத்திட்டத்தில் 18 முதல் 24 சதவீதம் வரை இதற்குத்தான். நம் வார்டு இதைச் சொல்லித் தராது. இங்கே எல்லா வேலையும் நம் தலையில். அங்கே புதிதாக அட்மிட் ஆனவரின் முதல் மதிப்பீடு ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) பொறுப்பு, நிலை சீராக இருப்பவர் பி.என். கையில், குளிப்பாட்டுவது உதவியாளருக்கு. அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் தவறுவார்கள்.

மருந்து, டிரிப் அளவுக் கணக்கு வாரத்துக்கு 10 போதும். டிரிப் 1000 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு: 20000-ஐ 480-ஆல் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42. நோயாளியின் எடை பவுண்டில் வந்தால் முதலில் 2.2-ஆல் வகுத்து கிலோவாக்க வேண்டும்.

ஹேண்டோவர் மலையாளத்தில், யோசனை தமிழில், கேள்வி ஆங்கிலத்தில். அதனால் கேள்வியின் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். 'ஃபர்தர் டீச்சிங்' (நோயாளிக்கு மேலும் விளக்கம்) தேவை என்று இருந்தால், நோயாளி தப்பாகச் சொன்னதுதான் விடை.

தேர்வு 85 முதல் 150 கேள்வி, 5 மணி நேரம். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு ஆஃப் நாளில் 85 கேள்வியை ஒரே இருப்பில் முடித்துப் பாருங்கள். தவறினால் அடுத்த முயற்சிக்கு 45 நாள் காத்திருப்பு. தேர்வுக்கு முந்தைய வார நைட்டை இப்போதே யாரிடமாவது மாற்றி வையுங்கள். கடைசி நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.