ஊரார் ஓட்டும் வண்டியிலேயே துர்கானா வரை

கென்யாவின் வடக்கே இருக்கும் துர்கானா ஏரிக்குத் தனியாக பைக்கில் போய்விட்டு வந்தேன். நைரோபியிலிருந்து கிளம்பி, ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் லொயங்கலானி வரை. தனியாகவா, வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு என்னிடம் இருந்த பதில், நான் தேர்ந்தெடுத்த வண்டிதான்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொண்டேன். கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன்.

நைரோபியில் வாடகைக்கு வண்டி கேட்டபோது, வெளிநாட்டுக்காரர் என்பதால் 650 சிசி வண்டியைக் காட்டினார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் முன் சக்கரம் 21 இஞ்ச். அந்த அளவு டியூப் வடக்கே எந்தக் கிராமத்தில் கிடைக்கும்? டிவிஎஸ் எச்எல்எக்ஸ் 150 வேண்டும் என்று சொன்னேன். கென்யக் கிராமங்களில் டாக்சி என்றால் பைக்தான்; பேர் போடா போடா. உகாண்டா எல்லையில் 'பார்டர் டு பார்டர்' என்று கூவி ஆள் ஏற்றியதிலிருந்து வந்த பேர் அது. நம் காதுக்கு யாரோ விரட்டுகிற மாதிரிக் கேட்கும். அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பஜாஜ் பாக்ஸரும் டிவிஎஸ்ஸும்தான் என் கண்ணில் பட்டன. ஓசூர்க் கம்பெனியின் பேரை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மூன்று பேரும் ஒரு மூட்டை கரியும் ஏறிய வண்டியில் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

முதல் நாள் நன்யுகி. அங்கேதான் பூமத்திய ரேகையைத் தாண்டினேன். மறுநாள் இசியோலோ. அதற்கப்புறம் வடக்கே எத்தியோப்பிய எல்லை வரை நல்ல தார்ச்சாலை. பல வருடங்களுக்கு முன் இதே வழியில் லாரிகள் துப்பாக்கிக் காவலோடு கூட்டமாகத்தான் போகும். இப்போதும் மாடு கவரும் சண்டைகள் அவ்வப்போது நடப்பதால், தினமும் காலையில் போலீஸ் சாவடியில் விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இசியோலோவில் டேங்கை நிரப்பி, கேனில் பத்து லிட்டரும் எட்டு லிட்டர் தண்ணீரும் கட்டிக்கொண்டேன்.

லைசாமிஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு இடதுபுறம் திரும்பினேன். ஏரிக்கு முன்னால் இருக்கும் காற்றாலைக்கு இறக்கைகளையும் கோபுரங்களையும் கொண்டுபோவதற்காகச் சீர்செய்த 208 கிலோமீட்டர் சரளைச் சாலை அது. லாரிகள் ஓடி ஓடி, தகரக் கூரை மாதிரி வரிவரியாகிக் கிடந்தது. மெதுவாகப் போனால் பல் ஆடுகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஐம்பதில் போனால், வரிகளின் மேலேயே வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது.

பதினோரு மணி வாக்கில் பின் சக்கரம் பஞ்சர். வேல முள். நிழலே இல்லாத இடம். சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, மாட்டிக் காற்றடித்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது. கையில் இருந்த ஒரே மாற்று டியூபை எடுக்கும்போது நிஜமாகவே பயம் வந்தது. அந்த நேரம் ஒரு ஆட்டை மடியில் வைத்தபடி பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு போடா வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞர் சக்கரத்தைப் பார்த்து "பஞ்சா" என்றார். சுவாஹிலியிலும் அது கிட்டத்தட்ட நம் சொல்தான். டியூபை அவர் தொடவே இல்லை. டயரின் உள்பக்கத்தில் விரல்நுனியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. உள்ளே முறிந்து நின்ற முள்முனை, அரிசியில் பாதிகூட இருக்காது. பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார். நான் அதை விட்டுவிட்டுத்தான் ஒட்டுப் போட்டிருந்தேன்.

இருநூறு ஷில்லிங் கேட்டார். செல்போனில் பணம் அனுப்பும் எம்-பெசாவில் அனுப்பப் பார்த்தால் சிக்னல் இல்லை, நோட்டாகக் கொடுத்தேன். போகும்போது என் மாற்று டியூபைக் கையிலெடுத்து அளவைப் படித்துப் பார்த்துவிட்டு, லொயங்கலானியிலும் இதே அளவு கிடைக்கும் என்று சைகையோடு சொன்னார். அது காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

சரிமாவை நெருங்கும்போது காற்று பிடித்துக்கொண்டது. அங்கே நிற்கும் 365 காற்றாலைகளும் சும்மா நிற்கவில்லை. எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் கென்ய மேட்டுநிலத்துக்கும் இடையில் காற்று குறுகி, வேகமெடுத்துப் பாயும் வாசல் அது. வலதுபக்கம் சாய்ந்தபடியேதான் நேராகப் போக முடிந்தது. காற்றின் அறை திடீரென்று நின்றால் வண்டி பாதையின் ஓரத்துக்கு ஓடிவிடும். இரண்டாவது கியரில், முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு போனேன். கறுப்பு எரிமலைக் கற்களின் மேடு ஒன்றில் ஏறியதும், கீழே ஏரி. பாசிப் பச்சை. கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லாத கரை.

லொயங்கலானியில் ஊற்றும் பனைமரங்களும் உண்டு. போய்ச் சேர்ந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் ஃபுண்டியைத் தேடினேன். மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். செயினை இறுக்கி, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். சுவரில் தொங்கிய டியூபுகளில் ஒன்றைக் கேட்காமலே எடுத்து நீட்டினார். அளவு சரியாக இருந்தது.

திரும்பும் நாளன்று விடியற்காலையில் கிளம்பாதே என்று தடுத்ததும் அவர்தான். ராத்திரியும் காலையும்தான் அங்கே காற்று மூர்க்கமாக இருக்குமாம். பதினோரு மணிக்கு மேல் எடுத்தேன். வெயில் கொளுத்தியது, ஆனால் சரிமாவை மூன்றாவது கியரிலேயே தாண்டிவிட்டேன்.