மழைக்காலக் காய்ச்சல்: சேலம் வீடற்றோர் விடுதிக் குறிப்புகள்

செப்டம்பர் 6

வடகிழக்குப் பருவமழை பிடிக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே போடுவதானால் இப்போதே போட்டுவிட வேண்டும். வைரஸ் ஆண்டுக்காண்டு மாறுவதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. பெட்டியில் எந்த ஆண்டு மருந்து என்று பார்த்து வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்துபோன மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில். அவர்களோடு வாட்ச்மேன், சமையல் அம்மா, துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் போட வேண்டும். தங்குபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இவர்கள் தினமும் எல்லோரோடும் பழகுகிறவர்கள்.

ஊசி முகாமைக் காலை 11 மணிக்கு வைத்தால் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மூட்டை தூக்குபவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரவு 7 மணிக்கு மேல் வையுங்கள். ஊசி போட்ட கை மறுநாள் வலிக்கும், சுமை தூக்குபவருக்கு அதனால் கூலி போகும். மறுநாள் வேலை இல்லாத இரவாகப் பார்த்து, எந்தக் கையில் போடட்டும் என்று கேட்டுப் போட்டால் மறுக்கிறவர்கள் குறைவார்கள்.

செப்டம்பர் 19

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி விடுதியில் ஒருவருக்கு 50 சதுர அடி. 20 அடிக்கு 30 அடி ஹால் என்றால் 12 பேர். மழை கொட்டும் இரவில் பழைய பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷன் பக்கமும் படுப்பவர்கள் உள்ளே வரும்போது இந்தக் கணக்கு நிற்காது. அதற்காக யாரையும் வாசலோடு அனுப்பிவிடக் கூடாது.

செய்யக்கூடியது, தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்க வைப்பது. ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால். இருமினால் எச்சில் துளி பக்கத்து ஆளின் முகத்தில் எளிதில் படாது. பாய்க்குப் பாய் 3 அடி விட முடிந்தால் நல்லது. தரையில் பெயின்டால் கோடு போட்டு எண் எழுதிவிடுங்கள்.

கோடு போட்டும் மாறிப் படுக்க மாட்டேன் என்பார்கள். மூட்டையைச் சுவரோரம் வைத்து அதன்மேல் தலை வைத்துப் படுத்தால்தான் திருட்டுப் போகாது என்பது அவர்கள் பட்டு அறிந்த பாடம். பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, சாவி அவர்கள் கையிலேயே. அதைக் கொடுத்துவிட்டுச் சொன்னால் கேட்பார்கள்.

ஜன்னல்களுக்கு இந்த மாதமே கொசுவலை அடியுங்கள். வலை இல்லாத ஜன்னலை இரவு யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். அடைத்த ஹாலில் ஒரே ஆளின் இருமல் விடிவதற்குள் பலரைப் பிடிக்கும்.

அக்டோபர் 15

இன்று முதல் மாலை வருகைப் பதிவிலேயே இரண்டு கேள்வி: காய்ச்சல் உண்டா, இருமலோ தொண்டை வலியோ உண்டா. பதிலோடு பாய் எண்ணையும் எழுத வேண்டும். 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு ஃப்ளூ போலக் காய்ச்சலும் இருமலும் கண்டால் அதைப் பரவல் என்றே எடுத்துக்கொண்டு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். வைரஸ் உள்ளே போன 1 முதல் 4 நாளில் நோய் தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். மூன்றாவது ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கைமீறிவிடும்.

அக்டோபர் 16

இந்திய அரசின் வழிகாட்டுதல் ஃப்ளூ நோயாளியை நோயின் கடுமைப்படி ஏ, பி, சி என்று பிரிக்கிறது. ஏ, பி பிரிவுக்காரர்கள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்க நிலை, சளியில் ரத்தம், நகம் நீலமாவது இவையெல்லாம் சி, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வீடே இல்லாதவர் எந்த வீட்டில் தனித்திருப்பார்? "குணமானதும் வா" என்று அனுப்பினால் அவர் மழையில் படுப்பார், இல்லையென்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேறொரு விடுதிக்குப் போவார். தனி அறையை விடுதிக்குள்ளேயே ஒதுக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்டோர் ரூமைக் காலி செய்தாவது ஒதுக்குங்கள்.

அறைக் காற்று ஹாலுக்குள் வராமலிருக்க வெளிச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், கதவின் கீழே விரற்கடை இடைவெளி. ஃபேனை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து அந்த இடைவெளியருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட வேண்டும். ஹால் பக்கம் திரும்பினால் ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது அறை ஜன்னலில் அடிக்கிற காற்று தள்ளுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி பாருங்கள். அறைக்குள் சீலிங் ஃபேன் வேகமாகச் சுற்றினால் இந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

இந்த அறையில் பாய்களுக்கு நடுவே 6 அடி. தனித் தட்டு, தனி டம்ளர், முடிந்தால் தனிக் கழிப்பறை. மூட்டையும் பெட்டியும் ஆளோடு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்க மாட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரை இந்த அறையில் சேர்க்காதீர்கள். அவருக்குக் காசநோய் இருக்கலாம், சளிப் பரிசோதனை முடியும்வரை அவருக்கு வேறு இடம் வேண்டும்.

அக்டோபர் 18

ஃப்ளூவுக்கான மருந்து ஓசெல்டமிவிர் 75 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 5 நாள். பெரியவர்களுக்கான அளவு இது. மருத்துவர் சீட்டு வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்டதும் கொடுங்கள். இரண்டு நாளில் உடம்பு லேசானதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், ஆகவே வேளைக்கு வேளை விடுதியில் இருப்பவரே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டைக்ளோஃபினாக் ஊசி, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். தினமும் குடிப்பவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் போகக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சில்லிட்ட விரலில் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், 94-க்குக் கீழே என்றால் 108-ஐக் கூப்பிட்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விட்ட காய்ச்சல் நாலைந்து நாளில் திரும்ப வந்தாலும் அப்படியே, அது நிமோனியாவாக இருக்கலாம்.

அக்டோபர் 20

பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், தெளியவிட்டு மேல்தண்ணீர் மட்டும். கதவுக் கைப்பிடி, குழாய், சுவிட்ச் போர்டைத் துணியில் துடைத்து 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். நெடி அடிக்காத பவுடர் வீரியம் போனது. கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்.

சோப்பு காணாமல் போகிறதா? நைலான் வலையில் போட்டுக் குழாயோடு கட்டிவிடுங்கள்.

அக்டோபர் 24

பலர் கவனிக்காமல் விடுவது இது. தினமும் குடிப்பவரை அறையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, பிதற்றல், வலிப்பு வரலாம். பார்க்கிறவர்கள் ஃப்ளூ முற்றிவிட்டது என்பார்கள், ஆனால் அது குடி நின்றதால் வருவது, உயிருக்கே ஆபத்தானது. உள்ளே அனுப்பும்போதே எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று குறை சொல்லாமல் கேட்டு எழுதுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேலைக்குப் போகாததால் போகிற கூலி. அறையில் இருக்கும் நாட்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் உறுதி என்றால்தான் கூலிக்காரர் தங்குவார்.

நவம்பர் 2

ஒருவரை அறையிலிருந்து விட, பாராசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருக்க வேண்டும், நோய் தொடங்கி 5 நாளாவது ஆகியிருக்க வேண்டும். இருமல் மிச்சமிருந்தால் மாஸ்க்கோடு ஹாலின் ஜன்னலோரப் பாய். கடைசி நோயாளிக்குப் பின் 7 நாள் புதிதாக யாருக்கும் வராவிட்டால் பரவல் முடிந்தது என்று சுகாதார நிலையத்துக்குச் சொல்லலாம். பாய் போர்வைகளை உதறாமல் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் போடுங்கள். மாலைப் பதிவின் இரண்டு கேள்விகளை நிறுத்த வேண்டாம், ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு அலை வருவதுண்டு.