எலும்பு மூட்டு அறுவையோடு ஆய்வும் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

ஆய்வுக்கூடம், பிஎச்டி, உதவித்தொகை எல்லாம் பிறகு. முதலில் உங்களை விடாமல் துரத்தும் ஒரு கேள்வி வேண்டும். எனக்கு அது முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் கிடைத்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பேருக்கும் தேய்மானம் ஒரே மாதிரி இருக்கும். திறந்து பார்த்தால் ஒருவருக்கு மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மூட்டுச் சவ்வு வெளிறி மெல்லிசாக இருக்கும்; இன்னொருவருக்குச் சிவந்து தடித்து, விரல் விரலாக நீண்டிருக்கும். வெறும் தேய்மானம்தான் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

அந்தச் சிவப்பும் தடிப்பும் அழற்சியின் அடையாளம். ஆனால் அழற்சி என்றாலே அடக்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறிந்ததும் அங்கே கட்டும் இரத்தமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் ஆறும் வேலையைத் தொடங்கி வைக்கின்றன. அழற்சிக்குத் துணைபோகும் நொதியை உருவாக்கும் காக்ஸ்-2 மரபணு இல்லாத எலிகளுக்கு முறிவு சரியாகக் கூடவில்லை என்று 2002இல் காட்டினார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் நிலைமை வேறு. மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தைத் தடுத்தே நோயாளிகளின் மூட்டு வீக்கத்தைத் தணித்தார்கள். 2003இல் லாஸ்கர் விருது பெற்றார்கள். ஆனால் அதே வகை மருந்தைக் கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. நம் துறைக்கு ஆள் வேண்டியது இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூரில் வழிகள் உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் சேர ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும். அங்கே மூன்றாம் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுக்குத்தான். மற்ற இரண்டு மருத்துவப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் ரெசிடென்சி என்ற சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு நடுவில் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகைக்கு முயலலாம். எலும்பு மூட்டு ரெசிடென்சியே ஆறு ஆண்டு. அடிப்படை அறுவைகள் கைக்குப் பழகிய பிறகு ஆய்வுக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முன்னதாகப் போனால், திரும்பி வரும்போது கை தடுமாறும்.

வழிகாட்டியைத் தேடும்போது அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதை விட, அவரிடம் படித்தவர்கள் இன்று ஆய்வையும் அறுவையையும் சேர்த்துச் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். வாரத்தில் எந்த நாட்கள் ஆய்வுக்கு மட்டும் என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல், அவசர அழைப்புக்கு நிற்கும் ஆன்-கால் பட்டியல் வந்ததும் கரைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்து வேலையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அறுவையில் எடுத்த மூட்டுச் சவ்வை ஐஸில் வைத்துக் கொண்டுபோய், கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற நொதியில் 37 டிகிரியில் ஊறவைத்து, வடிகட்டி, உயிரணுக்களைப் பிரிக்க வேண்டும். ஐஸில் வைக்கத் தாமதமானால் உயிரணுக்கள் செத்துப்போகும். பிறகு எந்தப் புள்ளியியலும் அந்த மாதிரியைக் காப்பாற்றாது. இது தெரிந்த மருத்துவர் அறுவைக்கூடத்திலேயே எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு நோயாளியிடம் பேச வேண்டும். நம் பாட்டிமார்களிடம் தமிழிலேயே விளக்கப் பழகுங்கள்: "பாட்டி, ஆப்பரேஷன்ல வெட்டி எடுக்கிற சதையைத் தூக்கிப் போடாம ஆராய்ச்சிக்குத் தருவீங்களா? வேணாம்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது." படிவத்தை உடனே நீட்டாதீர்கள், வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வரட்டும்.