அவரவர் சோறு அவரவர் முதுகில்

“உணவு: அவரவர் பொறுப்பு.” இந்தக் கோடையில் மலைக்குப் போகவிருக்கும் எங்கள் குழுவின் திட்டத்தாளில் இந்த வரியைப் படித்ததும் மனம் சுருக்கென்றது. கூடாரம், அடுப்பு, நீர்வடிகட்டி ஆகியவற்றைப் பங்கிட்டுச் சுமக்க இசைந்தவர்கள், சோற்றை மட்டும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். முதல் இரவுக்கு எல்லாருக்குமாகப் புளியோதரை கிளறி எடுத்து வருகிறேன் என்றேன். “உங்களுக்கு எதற்கு வீண் சுமை?” என்று பதில் வந்தது. அதில் கடுமை ஏதும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

நாங்கள் நடக்கப்போவது வாஷிங்டன் மாநிலத்தின் ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதியில். கேஸ்கேட் மலைத்தொடரில், ஸ்னோக்வால்மி, ஸ்டீவன்ஸ் என்னும் இரண்டு கணவாய்களுக்கு நடுவே ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கரில் பரந்துள்ள அந்தக் காட்டில் 700-க்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் உள்ளன. 1976-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அதைக் காத்து நிற்கிறது. மாநில ஆளுநர் டான் எவன்ஸ் அந்த ஏரிகளின் படங்கள் நிறைந்த நூலொன்றை அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டி அவர் மனத்தை இசையவைத்தார் என்பதை இங்கே மலையேறுபவர்கள் பெருமையோடு சொல்வார்கள். புகழ்பெற்ற என்சான்ட்மென்ட்ஸ் ஏரிகளின் கரையில் இரவு தங்குவதற்குக் குலுக்கல். அதற்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பாதைக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதை தொடங்கும் இடத்திலுள்ள பெட்டியில் சீட்டை எடுத்து, நாமே நிரப்பி, பையில் கட்டிக்கொண்டு நடக்கலாம். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது என்பதே முக்கியமான கட்டுப்பாடு. பன்னிரண்டு பேர் என்பது எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் கூட்டம்.

பாதையை நானே முன்மொழிந்தேன் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. கிளீ எலம் ஆற்றோரமாகச் செல்லும் மண்சாலை முடிகிற இடத்தில் தொடங்கி, முதல் நாள் ஹயாஸ் ஏரிக்கரையில் தங்கல். அது சமதளமான 3 கிலோமீட்டர் நடைதான். மறுநாள் டிசெப்ஷன் கணவாய்க்கு ஏறி, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதையில் தெற்கே திரும்பி, கதீட்ரல் கணவாயை அடைந்து, அங்கிருந்து கீழே டீப் ஏரிக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் அங்கேயே இளைப்பாறிவிட்டு, மீண்டும் கணவாய் ஏறி, வேறு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தால் வட்டம் நிறைவு பெறும்.

தேதி குறிப்பதுதான் கடினமாக இருந்தது. ஜூலை நடுப்பகுதி வரைகூட மேட்டுப்பாதைகளில் பனி கிடக்கும். அந்த மண்சாலையின் குறுக்கே ஓடும் ஸ்கேட்டர் ஓடையைக் காரோடு கடக்க வேண்டும். பனி உருகும் காலத்தில் அது பெருகிவிட்டால் வண்டி அந்தப் பக்கம் போகாது. பனி வடிந்தாலோ கொசு. கொசு அடங்கும்போது காட்டுத்தீயின் புகை. 2022 செப்டம்பரில் ஸ்கைகோமிஷ் அருகே போல்ட் கிரீக் தீ மூண்டு, ஸ்டீவன்ஸ் கணவாய்க்குச் செல்லும் நெடுஞ்சாலையையே அடைத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் இடையில் கிடைக்கும் சில வாரங்களில் ஆகஸ்ட் நடுப்பகுதியைத் தேர்ந்தோம். எங்கள் வழியில் டிசெப்ஷன், கதீட்ரல் கணவாய்களுக்கு இடையே டேனியல் மலையின் பனிப்பாறைகளிலிருந்து பாயும் ஓடையொன்று உண்டு. வெயில் ஏற ஏற அதில் நீர் கூடும் என்பதால், அன்று விடியலிலேயே எழுந்து நடப்பதாக முடிவாயிற்று.

இந்த மலைகளை இப்படிப் பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஆயினும் நடப்பது என்று நினைத்த மாத்திரத்தில் என் மனம் போய் நிற்கும் இடம் ஒட்டன்சத்திரத்தில் எங்கள் வீட்டு வாசல். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல்–பழனி சாலை இரவும் பகலும் உறங்குவதில்லை. காரைக்குடிப் பக்கத்துக் காவடிகளும், மதுரைப் பக்கத்துக் கூட்டங்களும், பெயர் தெரியாத எத்தனையோ கிராமங்களின் மஞ்சளும் பச்சையும் வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். அப்பா திண்ணையோரம் பந்தல் போட்டு, அண்டா நிறைய எலுமிச்சைச் சோறு கிளறி வைத்து, நடந்து வருகிறவர்களைக் கை பிடித்து இழுக்காத குறையாக அழைத்துத் தொன்னையில் அள்ளிக் கொடுப்பார். வேண்டாம் என்று யாராவது நகர்ந்துவிட்டால் அவர் முகம் வாடிவிடும். அங்கே நடப்பவர்கள் சுமப்பது மாற்றுத்துணியும் காவடியும் மட்டுமே. அவர்களுடைய சோற்றை அந்தச் சாலை சுமந்தது. அப்பா கொடுக்கும்போது வாங்க மறுத்தவர்களைப் பார்த்து அவர் பட்ட வருத்தம் என்ன என்பது, என் புளியோதரை திருப்பி அனுப்பப்பட்ட அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இங்குள்ளவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது, ஒருவர் பால் சேர்க்கமாட்டார், கடையோ வீடோ இல்லாத காட்டில் ஒருவர் வயிறு கெட்டால் குழுவே திரும்ப வேண்டியதுதான். ஆகவே என் பங்குக்கு மட்டும் தயாராகிறேன். 5,000 அடிக்கு மேல் விறகு மூட்டத் தடை என்பதால் சிறிய எரிவாயு அடுப்புதான்; வெந்நீர் ஊற்றினால் போதும் என்னும்படி அவலையும் புளிப்பொடியையும் கலந்து வைத்தேன். பருப்புப்பொடி, சத்துமாவு, கடலைமிட்டாய், உப்பு நார்த்தங்காய் என்று ஒவ்வொரு பொட்டலத்தையும் என் மகன் தராசில் நிறுத்து, மோர் மிளகாய்க்கு 12 கிராம் என்று மிகுந்த பொறுப்போடு எழுதிக்கொண்டான். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மாவால் தாங்க முடியவில்லை. “ஏத்தா, கூட நடக்குற சனத்துக்குக் குடுக்காம நீ மட்டும் எப்படித்தா திம்ப?” என்றவர், அந்த மலைமேல் எந்தச் சாமி என்றும் விசாரித்தார். சாமி இல்லை, ஏரிதான் என்றதற்கு, “மலை இருக்குல்ல, முருகன் இருப்பாரு” என்று முடித்துவிட்டார்.

கொடுக்கக்கூடாது என்பது மனிதர்களோடு முடிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கரடிக்கு எட்டாதபடி உணவைக் காக்க வேண்டும், மிஞ்சியதைப் புதைக்காமல் சுமந்து திரும்ப வேண்டும், பறவைக்கும் ஒரு பருக்கை இடக்கூடாது. மனித உணவுக்குப் பழகிய உயிர்கள் தம் இரையைத் தேட மறந்துவிடும் என்பதால் அந்த விதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நாங்கள் குறித்த நாட்களுக்குள் ஆடி அமாவாசை வருகிறது. அப்பா போனபின் அந்த நாளில் காக்கைக்குச் சோறு வைக்காமல் நான் உண்டதில்லை. டீப் ஏரிக்கரையில் கனடா ஜே என்னும் சாம்பல்நிறப் பறவை, அதுவும் காக்கை இனமே, உணவுப்பொட்டலத்தைப் பிரித்ததும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து அமரும். அதைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் அந்த அவலை விழுங்குவது என்னால் ஆகாத காரியம்.

எனவே புறப்பாட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று குழுவினரிடம் காரணத்தோடு கேட்டேன். ஓடையில் நீர் இன்னும் வடிந்திருக்கும், நல்லதுதான் என்று இசைந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் பாத்தெலில் காகங்களுக்குக் குறைவே இல்லை. அமாவாசையன்று கொல்லைப்புறத்தில் படையலிட்டு, அவை உண்டபின் நானும் உண்டு, மறுநாள் விடியலில் பையைத் தூக்கிக்கொள்வேன்.