அரை மீட்டரா, ஐந்து மீட்டரா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட் பீஸ் குவியல் முன்னால் நின்றால் கை சும்மா இருக்காது. துண்டுத் துணிகளை இணைத்து குயில்ட் போர்வை தைக்கிற எனக்கு எல்லாத் துணியும் என்றைக்காவது உதவும் போலத்தான் தெரியும். அதனால் பூப்போட்ட காட்டன் என்றால் அரை மீட்டர், அவ்வளவுதான். 44 அங்குல அகலத்தில் அதிலேயே 5 அங்குலச் சதுரம் 24 வெட்டலாம். ஒரே பூ அத்தனை இடத்தில் வந்தால் போதாதா? வெள்ளை, சந்தன நிறம் மாதிரி பிளெயின் துணி எதோடும் சேரும். அது 3 மீட்டர்.

போர்வையின் கீழ்ப்பக்கத்துக்கான அடித்துணியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைப்பதில்லை. மேல்பக்கம் முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கு. 60க்கு 90 அங்குலப் போர்வை என்றால் நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட வேண்டும்; நீளம் 98 ஆகிவிடும். 44 அகலத் துணியில் இரண்டு நீளம் எடுத்து இணைக்க 5 மீட்டர். காட்டன் முதல் தண்ணீரில் சுருங்கும், அதற்கு இன்னொரு கால் மீட்டர். கடைக்காரர் "அஞ்சே போதும்க்கா" என்பார். அவரா தைக்கப் போகிறார்?

கருஞ்சிவப்பு, கருநீலம் என்றால் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ராயபுரத்துக் கடல் காற்றில் அடுக்கி வைத்த துணிக்குச் சீக்கிரம் ஈரவாசம் வந்துவிடும். பீரோவில் ஒரு தட்டுதான் இதற்கு. அது நிறைந்திருந்தால் எம்.சி. ரோடு பக்கமே போவதில்லை, ஆடித் தள்ளுபடியைத் தவிர.