பூவுக்கு ப்ளஸ், எருமைக்கு மைனஸ்

போன வாரம் ஹார்ட் டிஸ்க்ல எடம் இல்லன்னு கம்ப்யூட்டர் அடம் புடிச்சுச்சு. என்னதான் இருக்குன்னு தொறந்து பாத்தா 38 ஆயிரத்துச் சொச்சம் படம், அதுல மதுரை மீனாட்சி கோவில் தெற்குக் கோபுரம் மட்டும் 600க்கு மேல. அது 400 வருஷத்துக்கு மேல அதே எடத்துல நிக்கிது, ஓடியா போகப்போகுது, நான் என்னமோ பஸ்ஸு கெளம்பிரப் போற மாதிரி டப்பு டப்புனு அமுக்கிருக்கேன். எல்லாத்தையும் அழிக்க ஒக்காந்தேன், அழிக்க அழிக்க ஞாபகம் வந்துச்சு, அதான் இந்தப் பதிவு.

கேமரா என்னது இல்ல. பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குன்னு வீட்டுக்காரர் வாங்குனது, கேனன் 1500டி, கூட வந்த 18-55 கிட் லென்ஸ். ஆண்டு விழா முடிஞ்சதும் பீரோவுக்கு மேல ஏறிருச்சு. ஒருநாள் ஒட்டடை அடிக்கைல கீழ எறக்குனேன், அன்னைக்கு எறக்குனதுதான்.

மொத போட்டோ ஒர்க்‌ஷாப் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஏசி ஹால்ல. பேர் வேணாம். காலைல 9 மணில இருந்து மத்தியானம் வரைக்கும் திரைல முக்கோணம் போட்டு காட்டுனாங்க, வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிற மூனு சமாச்சாரம், அபர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ, ஒன்ன ஏத்துனா ஒன்ன எறக்கணும்னு. அது தப்பில்ல, தெரிஞ்சுக்க வேண்டியதுதான், ஆனா யாரு கையிலயும் கேமராவ குடுத்து எடுக்கச் சொல்லல. சாப்பாடு முடிஞ்சு ஒரு பொண்ண பட்டுச்சேலை கட்டி கொண்டாந்து நிறுத்துனாங்க பாருங்க, 22 ஆம்பளைங்க, சுத்தி நின்னு "மேடம் இங்க பாருங்க மேடம் இங்க பாருங்க"ன்னு, அந்தப் பிள்ள பாவம் எங்கிட்டுப் பாக்கும். நான் ஓரமா நின்னு அது செருப்ப மட்டும் ஒரு படம் எடுத்தேன், குதிகால்ல ரெண்டு பிளாஸ்திரி ஒட்டிருந்துச்சு. அன்னைக்கு எடுத்ததுல அது ஒன்னத்தத்தான் இப்ப அழிக்காம வச்சிருக்கேன். செலவு 3500 ரூவா.

வீட்டுல கணக்குச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

ரெண்டாவது போனதுதான் எனக்கு வகுப்பு மாதிரி வகுப்பு. ஹாலும் இல்ல ஏசியும் இல்ல, விடியக்காலைல 5 மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசல்ல வந்து நில்லுங்கன்னாரு ஒரு அண்ணன். அவரு பழைய கல்யாண போட்டோக்காரர், புதூர் பக்கம் ஸ்டூடியோ வச்சிருந்தவரு, இப்ப மூடிட்டாரு. நாங்க எல்லாரும் அண்ணன்னுதான் கூப்புடுறது, அவரு வயசுக்கு சித்தப்பான்னு கூப்புடணும், ஆனா கேமரா தூக்குனவங்களுக்கு வயசு கணக்கு தனிதான போல.

மல்லிகப்பூ குமிச்சு வச்சிருக்கு, டியூப் லைட்டு வெளிச்சம், வெள்ளை வெளேர்னு கண்ணுக்கு தெரியுது, கேமராவுல எடுத்தா அழுக்கு வேட்டி மாதிரி சாம்பக்கலர்ல விழுகுது. நான் கேமரா போயிருச்சுன்னே நெனச்சிட்டேன். அண்ணன் சிரிச்சிட்டு சொன்னாரு, "ஏம்மா, கேமராவுக்கு மல்லிகையும் தெரியாது மண்ணும் தெரியாது, எதக் காட்டுனாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கப் பாக்கும், அத அப்பிடித்தான் வளத்து வச்சிருக்காங்ய, நீதான் சொல்லணும் இது வெள்ளடான்னு." அதான் அந்த 18 சதவீத கிரே சமாச்சாரம். ஏசி ஹால்லயும் அதத்தான் சொன்னாங்க, திரைல கட்டம் கட்டமா போட்டு, எனக்கு மண்டைல ஏறவே இல்ல. இங்கன பூக்குமியல் முன்னாடி படத்த வெளுப்பாவோ இருட்டாவோ ஆக்குற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன ப்ளஸ் ஒன்னு தள்ளுனேன், பூ பூவா வந்துச்சு. அப்பறம் அவரு வெளிய ரோட்டோரம் நின்ன எருமைக்கிட்ட கூட்டிட்டுப் போயி இத எடுன்னாரு, எருமை நரச்சுப் போயி வந்துச்சு, மைனஸ் ஒன்னு வச்சதும் கருகருன்னு எருமை ஆயிருச்சு. பூவுக்கு ப்ளஸ், எருமைக்கு மைனஸ். இத விட சுருக்கமா யாரும் எனக்கு சொல்லிக் குடுத்ததில்ல.

பூ கட்டுற ஒரு அம்மா, "ஏத்தா, எடுத்துக்கிட்டே இருக்கியே, அரைக்கிலோ வாங்குனா என்ன"ன்னு கேட்டாங்க. வாங்குனேன். அதுக்கப்பறம் அவங்க கேமராவ பாக்கவே இல்ல, அவங்க பாட்டுக்கு கட்டுனாங்க, எனக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த அண்ணன் அவரு காலத்து கதை சொல்லுவாரு. யாஷிகா கேமராவுல 120 பிலிம் ரோல் போட்டா சதுரமா 12 படம், அவ்ளோதான். பின்னாடி 35 எம்எம் வந்ததும் ரோலுக்கு 36, சாமர்த்தியமா மாட்டுனா 37, 38 வரைக்கும் இழுக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு மூனு ரோலு, அதுல தாலி கட்டுற படத்துல கண்ண மூடிட்டா பொண்ணு வீட்டுக்காரன் அடிக்க வருவான், படம் கழுவி வர்ற வரைக்கும் வயித்துல புளியக் கரைக்கும்னாரு. "நீங்க ஒரு கோபுரத்துக்கு 600 எடுக்குறீங்க"ன்னு என்னப் பாத்து சொல்லல, பொதுவாத்தான் சொன்னாரு, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

இந்த 36 கணக்க வச்சுத்தான் அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து சிறுமலைல மூனு நாள் முகாம் போட்டாங்க. ரிட்ரீட்டுனு சொல்லிக்கிட்டோம், கேக்க நல்லாருக்கும்ல. திண்டுக்கல்லுல இருந்து 18 கொண்டை ஊசி வளைவு, எனக்கு பத்தாவதுலயே கொமட்டிருச்சு. மொத்தம் 14 பேரு, பொம்பளைங்க மூனு பேரு, எங்களுக்கு தனி ரூம்பு. வீட்டுல அத்தை கேட்டாங்க, "போட்டோ எடுக்க மலைக்கு போகணுமா, மொட்டைமாடில தெனமும் காக்கா வந்து நிக்கிது, அத எடுக்க வேண்டியதுதான." இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

முகாம்ல சட்டம் ரெண்டு. ஒரு நாளைக்கு 36 படம், அதுக்கு மேல ஒன்னு கூட கெடையாது, அழிச்சிட்டு திரும்ப எடுக்குறதும் கெடையாது. பின்னாடி திரைல கருப்பு டேப்பு ஒட்டிருவாங்க, எடுத்தத சாயங்காலம்தான் பாக்கலாம். டேப்பு ஒட்டுனதும் கை நடுங்குது எனக்கு, ஒவ்வொரு படத்துக்கும் தன்னால குனிஞ்சு பாக்குறேன், கருப்பு டேப்புதான் தெரியுது, இவ்ளோ நாளா நான் எதிர்ல இருக்குறத பாத்தத விட அந்த மூனு இஞ்சுத் திரையத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.

மொத நாள் காலைல பனி. மெளகுக்கொடி, காப்பிச்செடி, பலாமரம் எல்லாம் பனிக்குள்ள பாதிப்பாதியா தெரியுது, எது எடுத்தாலும் அழகா இருக்குற மாதிரி ஒரு மயக்கம். எட்டரை மணிக்கெல்லாம் 36ம் காலி. பக்கத்துல ஒரு தம்பி அப்ப வரைக்கும் நாலுதான் எடுத்திருந்தான், அவன் மொகத்த பாக்கவே எரிச்சலா வந்துச்சு. அப்பறம் பகல் முழுக்க கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு சும்மா சுத்துனேன், தாலி மாதிரி தொங்குது, பிரயோசனம் இல்ல. சாயங்காலம் நாலு மணி இருக்கும், திரும்பவும் பனி எறங்குது, வளைவுல இருந்து ஒரு குதிரை, ரெண்டு பக்கமும் வாழைத்தாரு கட்டி, பின்னாடி ஒரு பெரியவரு வால புடிக்காத கொறையா நடந்து வர்றாரு. சிறுமலைல இன்னைக்கும் தோட்டத்துல இருந்து சரக்கு குதிரைலதான் எறங்குது. மண்ணுல குளம்புச் சத்தம் மொதல்ல, அப்பறம் காது ரெண்டும், அப்பறம் வாழைத்தாரோட பச்சை, கடைசியாத்தான் முழு குதிரை. என்னால எடுக்க முடியாது. நின்னு பாத்தேன். இப்பவும் கண்ண மூடுனா எந்த வரிசைல பனிக்குள்ள இருந்து வெளிய வந்துச்சோ அந்த வரிசையிலயே தெரியுது, எடுத்த 36ல எது என்னன்னு கேட்டா பாத்துத்தான் சொல்லணும்.

ராத்திரி சுவத்துல போட்டு காட்டுனாங்க. என்னதுல ஒன்பது படம் ஃபோகஸே இல்ல, மிச்சத்துக்கு அண்ணன் ஒரே கேள்விதான், "இதுல யாரு பெரிய மனுசன்?" அதாவது எதப் பாக்கச் சொல்றன்னு அர்த்தம். எனக்கு பதில் இல்ல, பனியத்தான் எடுத்தேன், பனிக்கு மூக்கா முழியா. மறுநாள் பூரா 11 படம்தான் எடுத்தேன். நல்லா வந்துச்சான்னா ரெண்டு வந்துச்சு.

குதிரை திரும்ப வரவே இல்ல.

முகாம் முடிஞ்சு வந்த 14 பேரும் சேந்துதான் மாசப் போட்டி ஆரம்பிச்சோம். மாசத்துக்கு ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம், பேர் இல்லாம நம்பர் மட்டும் போட்டு வரும், பத்துக்கு மார்க்கு, மார்க்கு போட்டா ஏன்னு ஒரு வரி எழுதணும். சூப்பர், செம, வேற லெவல் இதெல்லாம் எழுதுனா செல்லாது. இதுல முக்கியமான சட்டம் என்னன்னா ஜெயிச்சவங்கதான் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் குடுக்கணும். அதனால யாருக்கும் வெறி புடிக்கல, மாசக் கடைசின்னா ஜெயிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறவங்களும் உண்டு.

பெரிய போட்டிகளும் இருக்கு, சலூன்னு சொல்லுவாங்க, முடி வெட்டுற சலூன் இல்ல, சர்வதேச போட்டோ கூட்டமைப்பு ஃபியாப்பு, 1950ல ஆரம்பிச்சது, அதோட விதிப்படி நடக்கும், படம் தேர்வாகி தேர்வாகி சேந்தா பேருக்குப் பின்னாடி ஏஎஃப்ஐஏபின்னு அவங்க பட்டத்த போட்டுக்கலாம். எங்க குரூப்புல ரெண்டு பேரு அதுக்கு பாடுபடுறாங்க, படட்டும். எனக்கு ஒரு மனக்கொறை உண்டு அதுல. அங்க ஜெயிக்கும்னு ஒரு அச்சு வச்சிருக்காங்க, செம்மறி ஆட்டு மந்தை, புழுதி, பின்னாடி வெயிலு, தலப்பா கட்டுன தாத்தா, பீடிப்பொகை. இதுக்குன்னே கூட்டிட்டுப் போற ஒர்க்‌ஷாப்பு இருக்கு, ஒருக்கா நானும் போனேன், புழுதி பத்தலன்னு அந்தத் தாத்தாவ அதே வரப்புல ஆட்ட ஓட்டிக்கிட்டு ஒன்பது தடவ நடக்க விட்டாங்க. அவருக்கு காசு குடுத்தாங்க, அது சரி, ஆனா அந்தப் படத்துக்கு கீழ கிராமத்து இயல்பு வாழ்க்கைன்னு போட்டாங்க பாருங்க. ஆட்டுக்கே தெரியும் அது இயல்பு இல்லன்னு.

எங்க போட்டில ஒரே ஒரு பெரிய சண்டை வந்துச்சு, மேகத்தால. நாயக்கர் மகால் படம், அந்தப் பெரிய தூணெல்லாம் நல்லா விழுந்திருக்கு, மேல வானத்துல அப்பிடி ஒரு மேகம். ஏப்ரல் மாசம் மதுரைல அந்த மேகத்த யாரு பாத்தா? போன் ஆப்புல எறக்கி ஒட்டிருக்கான் தம்பி. பாதிப் பேரு தள்ளுங்கறாங்க, பாதிப் பேரு என்ன தப்புங்கறாங்க. அப்ப நான்தான் லினேயஸ் டிரைப் கதைய எடுத்து விட்டேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன், சென்னை மாகாணத்துக்கு போட்டோக்காரரா இருந்தவரு, 1858ல பெரிய கேமராவ தூக்கிக்கிட்டு மதுரைக்கு வந்து கோவில், புதுமண்டபம், இதே நாயக்கர் மகால் எல்லாம் எடுத்தாரு. மெழுகு ஏத்துன காகிதம்தான் நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிசக் கணக்குல தொறந்து வைக்கணும், நடந்து போறவங்க யாரும் பதிய மாட்டாங்க, அதான் அந்தக் காலத்துப் படத்துல மதுரையே ஊரடங்கு போட்ட மாதிரி கெடக்கும். அந்தக் காகிதத்துக்கு நீல வெளிச்சம்னா ரொம்ப ஆவல், வானம் வெளிறி மொட்டையா போயிரும். அதுக்கு மனுசன் என்ன பண்ணாருன்னா நெகட்டிவ் மேல சாயம் வச்சு மேகத்த வரஞ்சிட்டாரு! தம்பிக்கு ஒரே சந்தோசம், பாத்தீங்களா அப்பவே பண்ணிருக்காங்கன்னான். அண்ணன் டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு, "அவரு சொந்தக் கையால வரஞ்ச மேகம்டா. ஒன்னோடது எவன் வீட்டு மேகமோ." படம் தள்ளுபடி. எனக்கு இன்னும் அந்தத் தீர்ப்புல முழுசா ஒப்புதல் இல்ல, டிரைப்ப மட்டும் விட்டுட்டு இவன புடிச்சது ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

கோவிலுக்குள்ள எங்க யாருக்கும் வேலையே இல்ல. கேமரா கூடாது, 2018 தீ விபத்துக்கப்பறம் போனும் வெளிய குடுத்துட்டுத்தான் போகணும். மொதல்ல வருத்தமா இருந்துச்சு, சிறுமலைக்கப்பறம் வெள்ளிக்கெழம வெறுங்கையோட போயி பொற்றாமரைக் குளத்துப் படில ஒக்காந்து வெளிச்சம் எப்பிடி நகருதுன்னு பாத்துட்டு வந்துர்றேன். வீட்டுல இத பக்தின்னு நெனச்சிட்டு இருக்காங்க, நான் திருத்தல.

போன மாசத் தலைப்பு பசி. கறிக்கடை நாயி, கல்யாணப் பந்தி, ரோட்டுக்கடை எல்லாம் மண்டைல ஓடுச்சு, எல்லாரும் அதத்தான் எடுப்பாங்கன்னும் தெரியும். ஒரு காலைல துணி காயப்போட மாடிக்கு போனா அத்தை கைப்பிடிச் சுவத்துக்கிட்ட நின்னு கையில சோத்துருண்டைய நீட்டிக்கிட்டு இருக்காங்க, காக்கா ஒன்னு, ரெண்டு அடி தள்ளி, வரலாமா வேணாமான்னு கழுத்த சாச்சுக்கிட்டு. ஓடிப்போயி கேமராவ எடுத்துட்டு வந்தேன். வந்து நின்னதும்தான் சிக்கலு. வெள்ளைச் சோத்துக்கு ப்ளஸ் வைக்கணும், கருப்புக் காக்காவுக்கு மைனஸ் வைக்கணும், ரெண்டும் ஒரே படத்துக்குள்ள நிக்கிது, பூவும் எருமையும் சேந்து வந்த கதை. பின்னாடி இருந்து வெயிலு வேற. யாரு பெரிய மனுசன்னு அண்ணன் கேட்ட மாதிரியே காதுல விழுந்துச்சு. சோறுதான். வெயிலு பட்டு ஏற்கனவே பளீர்னு இருக்குற சோறு வெளிறாம இருக்க மைனஸ் ஒன்னரை எறக்குனேன், காக்காவும் கையும் இருட்டாவே போகட்டும்னு விட்டுட்டேன். ஒரே ஒரு படம், அதுக்குள்ள காக்கா கொத்திட்டுப் போயிருச்சு.

ஜெயிச்சிருச்சு. 14 ஜிகர்தண்டா, என் காசு.

படத்த பிரேம் போட்டு அத்தைக்கிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "என் கையி இவ்ளோ கருப்பாவா இருக்கு"ன்னாங்க. ப்ளஸ் மைனஸ் எல்லாம் வெளக்குனேன், காதுலயே வாங்கல. பிரேம சுவத்துல சாச்சு வச்சிட்டு கேட்டாங்க, "சரி, ஊருல இருக்கறவனுக்கெல்லாம் வாங்கிக் குடுத்தியே, எனக்கும் அந்தக் காக்காவுக்கும் எங்க?"